வைகாட்டோ ஆற்றில் சிக்கிய நங்கூரம்

ஆக்லாந்தின் கிளென் ஈடன் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், பல் மருத்துவர். கணவரைப் பிரிந்த பிறகு அவர் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் ஒரு சிறிய அலுமினியப் படகு. மீன்பிடிக்க வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு நீச்சல் தெரியாது என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

"நீந்தவே கூப்பிடுறன்? லைஃப் ஜாக்கெட் இருக்கு. வாரும்."

ஒரு சனிக்கிழமை போய்விட்டேன். ஆக்லாந்துக்குத் தெற்கே, வைகாட்டோ ஆற்றங்கரையில் விடுமுறைக்கு வருபவர்கள் தங்கும் ஒரு முகாம். கேரவன்கள், கூடாரங்கள், சின்னதாக ஒரு படகுத்துறை. முந்தின நாட்களில் பெய்த மழையில் ஆறு பழுப்பாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. துறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தண்ணீரைக் காட்டி ஏதோ எச்சரித்தார். அக்கா தலையாட்டிவிட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

நடு ஆற்றுக்குப் போகாமல், வில்லோ மரங்கள் சாய்ந்திருந்த ஓரமாக நங்கூரம் போட்டோம். தூண்டிலில் டப்பாச் சோளம். நாங்கள் பிடிக்க வந்தது கோய் கெண்டை. பார்க்க ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கும், ஆனால் ஆற்றைக் கெடுக்கும் மீன். பிடித்தால் உயிரோடு திரும்ப விடக்கூடாது என்பது இங்கே சட்டம். எனக்கே ஒன்று மாட்டியது. தூண்டில் கழி வளைந்து மீன் இழுத்தபோது, இத்தனை நாள் வராமல் இருந்துவிட்டேனே என்று தோன்றியது.

கிளம்பும்போதுதான் நங்கூரம் வரவில்லை. அடியில் கிடந்த ஏதோ மரத்தில் சிக்கியிருந்தது. இருவரும் இழுத்துப் பார்த்தோம்.

"அக்கா, கயிற்றை அறுத்துட்டுப் போயிடலாம். நங்கூரம் போனா போகட்டும்."

"பொறும். பின்னுக்குக் கட்டி மோட்டாரால இழுப்பம்."

அவர் மோட்டாரைக் கிளப்பிவிட்டு, கயிற்றை முன்பக்கத்திலிருந்து அவிழ்த்துக் கொண்டுபோய், பின்பக்கக் கொக்கியில் சுற்றினார். சுற்றி முடிப்பதற்குள் படகு ஒரே திருப்பாகத் திரும்பியது. வெள்ளம் முழுவதும் பின்பக்கத்தில் மோத, விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. மோட்டார் நின்றுவிட்டது. அக்காவின் முகம் வெளுத்திருந்தது. இறுகிய கயிற்றுக்கும் கொக்கிக்கும் நடுவே அவருடைய இடது கை மாட்டியிருந்தது.

முன் இருக்கையில் இருந்த நான் எழுந்தேன்.

"எழும்பாதையும். இங்கால வந்தீரெண்டா படகு இன்னும் தாழும்."

அவர் சொன்னது சரிதான். நான் ஓர் அடி எடுத்து வைத்ததற்கே பின்பக்கம் இறங்கி, தண்ணீர் கூடுதலாகப் புகுந்தது. முன்பக்கத்திலேயே இருந்தாலும் மூழ்கத்தான் போகிறோம் என்று தெரிந்தது. கத்தி அவர் காலடியில், மீன்பெட்டிக்குள் இருந்தது. அவர் காலால் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் படகின் தரையில் குப்புறப் படுத்து, கால்களை முன் இருக்கைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, கத்தியை எடுத்துக் கையை மட்டும் நீட்டினேன். கன்னம்வரை தண்ணீர். என் கெண்டை முகத்துக்குப் பக்கத்தில் மிதந்தது.

கத்தியைக் கயிற்றில் வைத்தபோது அதற்கும் அவர் விரல்களுக்கும் இடையில் இடமே இல்லை.

"அக்கா, விரல்ல பட்டுடும்."

"என்ட விரலைப் பாக்காதையும். கதைக்காமல் வெட்டும்."

ஈரக் கயிறு சீக்கிரம் அறுபடவில்லை. இழை இழையாக விட்டது. மிச்சமிருந்தது தானாகவே பட்டென்று தெறித்தது. பின்பக்கம் மேலே எழும்பியது. படகு பாதித் தண்ணீரோடு ஆற்றோடு போய், கிளைகளுக்குள் செருகி நின்றது. நான் ஒரு கிளையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். துறைப் பெரியவர் எங்களைக் கண்டு தன் படகில் வந்து சேரும்வரை விடவில்லை. அவர் வந்த பிறகும், விடு விடு என்று சொல்ல வேண்டியிருந்தது.

அக்காவுக்கு இரண்டு விரல்கள் முறிந்திருந்தன. கத்தி படவில்லை. நான்தான் காரை மருத்துவமனைக்கு ஓட்டினேன்.

"என்னோட கோவமோ?" என்று நெடுஞ்சாலையில் போகும்போது அக்கா கேட்டார்.

"ஆமா."

"ஓம். கோவிக்கத்தான் வேணும்." சிறிது தூரம் போன பிறகு, "பல்லுப் பிடுங்குறதுக்கு இந்தக் கையும் வேணும்," என்றார். அப்போதுதான் அழுதார்.

விரல்கள் கூடிவிட்டன. ஆனால் ஒன்று முழுதாக மடங்குவதில்லை. சில மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். படகை விற்கவில்லை. நங்கூரம் சிக்கினால் உடனே கயிற்றை அறுத்துவிடுவது என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். நான் வயது வந்தோருக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் தலையை நீருக்குள் விடவே முடியவில்லை. அக்கா நீச்சல் குளத்தின் கரையில் என் துண்டை வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.