திசைமுள்ளும் மடியிலிருந்த ஜி.பி.எஸ்ஸும்

அந்த வேலையை நான் ஏமாற்றித்தான் வாங்கினேன். விமானப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர் இடம் ஒன்றுதான். போட்டியில் நாங்கள் இருவர். தேர்வாளர் பக்கத்தில் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின் சீட்டில் இருப்பார். தேர்வில் வெளியே தெரியாதபடி கண்ணுக்கு மறைப்பு மாட்டி, தரையிலுள்ள ரேடியோ நிலையம் இருக்கும் திசையைக் காட்டும் முள்ளை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். நானோ மடியிலிருந்த வரைபடத்துக்கு அடியில் சின்ன ஜி.பி.எஸ். கருவியை ஒளித்து வைத்திருந்தேன்.

மற்றவர் ஒல்லியானவர், சட்டையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் என்னோடு வருவார். கண்ணை மூடி மனதுக்குள் எண்ணிக்கொண்டே, "இன்னும் பத்து செகண்ட்ல குரோம்பேட்டை பிளாட்பாரம் சார்" என்பார். தவறியதே இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, போன மாதம்தான் சேலையூரில் அவர் வீட்டைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியும் சார். பின் சீட்ல நான்தானே இருந்தேன்? முள்ளைப் பார்த்து ஓட்டுறவனை காத்து கொஞ்சம் தள்ளும், அவன் திருத்துவான். நீங்க ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி போனீங்க."

"ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?"

"திரும்பி வர்றப்போ ரயில்ல நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள தாம்பரம் வந்துடுச்சு."

அன்று ரயிலில் அவர் கண்ணை மூடவே இல்லை. அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.