முதுகிலை இருந்த மாதா

பச்சை குத்திற தொழிலிலை ஊசி பிடிக்கிறது லேசு. வாறவை சொல்லுற கதையைக் கேட்டுக்கொண்டு கையை ஆடாமல் வச்சிருக்கிறதுதான் கஷ்டம். தலைமயிர் வெட்டுறவை, நேர்ஸ்மார், பல்லுப் பிடுங்கிறவை எண்டு ஆக்களைத் தொட்டுப் பிழைக்கிற உங்கள் எல்லாருக்கும் இது விளங்கும்.

நான் ஒஸ்லோவுக்கு வந்து பகலிலை பள்ளிக்கூடம் துடைச்சு, பின்னேர வகுப்பிலை முதல் நொஸ்க் எண்ட நோர்வே பாஷையும் பிறகு படம் கீறவும் படிச்சு, இந்தத் தொழிலுக்குள்ளை விழுந்தனான். கடை ஒஸ்லோவின்ரை கரையிலை, ஸ்டோவ்னரிலை. முதலாளி பேர் ரூபன். பேரைக் கேட்டிட்டு யாழ்ப்பாணத்திலை எவடம் எண்டு கேக்காதையுங்கோ. ஆள் லொஸ் ஏஞ்சல்ஸ். மெக்சிக்கோவிலை இருந்து போன சனத்துக்கு அங்கை பிறந்த பிள்ளை. தங்களைச் சிக்கானோ எண்டு சொல்லுவினம். நோர்வேக்காரியைக் கட்டினபடியால் இஞ்சை வந்து, கனகாலமாக் குளிரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவையின்ரை பச்சையிலை கலர் இல்லை, கறுப்பும் சாம்பலும்தான். கும்பிடுற கை, ரோசாப்பூ, செத்தவையின்ரை பேர், வளந்த தெருவின்ரை பேர். அதைத்தான் நானும் பழகினனான்.

வயித்திலை வெஸ்ட்லி

ஜெறோம் முதல் வரேக்கை இருவத்திநாலு வயசு. தாய் தகப்பன் மன்னார்ப் பக்கம், கத்தோலிக்க வேதக்காரர். இவன் ஸ்டோவ்னருக்குப் பக்கத்திலை, ட்ரெயின் கடைசியா நிக்கிற வெஸ்ட்லியிலை ஒரு மாடிக்கட்டிடத்திலை பிறந்து வளந்தவன். பகலிலை ஒரு களஞ்சியத்திலை பெட்டி தூக்கிற வேலை, மிச்ச நேரம் ராப். கட்டிடத்துக்குக் கீழை உடுப்புத் தோய்க்கிற அறையிலைதான் பாட்டு ரெக்கோர்ட் பண்ணுறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் பின்னாலை ஆரின்ரையோ உடுப்பு மெஷினுக்குள்ளை சுத்திற சத்தம் கேக்கும். நொஸ்க்கிலை தொடங்குவான், கோவம் வந்தால் தமிழுக்கு மாறுவான்.

சிக்கானோ ராப்பர்மார் தங்கடை தெருப்பேரை வயித்திலை வளைச்சு எழுதுறமாதிரி தனக்கு ‘வெஸ்ட்லி’ எண்டு வேணுமாம். நான் எழுத, ரூபன் பக்கத்திலை கோப்பியோடை நிண்டு பாத்தார். “எங்கடை பக்கம் இப்பிடித் தெருப்பேர் போட்டால் பொலிஸ் மறிக்கும், அடுத்த தெருக்காரன் சுடுவான். இவனுக்கு என்ன நடக்கும்? ஏரியிலை குளிக்கேக்கை ஆராவது வந்து ட்ரெயினுக்கு வழி கேப்பினம்.”

முழங்காலிலை போற சனம்

கொஞ்ச நாளாலை திரும்பி வந்தான். முதுகு நிறைய மாதா வேணும், சிக்கானோ ஆக்கள் போடுற அதே மெக்சிக்கோ மாதா. “அது எங்கடை அம்மா. உங்களுக்கெண்டு ஒரு ஆள் இல்லையோ?” எண்டு ரூபன் கேட்டார். பெடியன் போய், அடுத்த கிழமை மடு மாதா படத்தோடை வந்தான்.

நான் சைவம். ஆனால் மன்னார்க் காட்டுக்குள்ளை இருக்கிற மடுக்கோயிலுக்கு ஆர்தான் போகேல்லை? கீறத் தொடங்கினன். ரூபன் எப்பவும் முகத்திலை தொடங்குவார், அதிலையும் கண்ணிலை. நான் கண்ணைக் கடைசியாத்தான் வைக்கிறனான். கோயில் விக்கிரகத்துக்கு எல்லாம் முடிஞ்ச பிறகுதானே கண் திறக்கிறது? அதே சட்டத்தை வேதக்கார மாதாவுக்கும் போட்டன்.

ரெண்டாம் முறை குத்தி அனுப்பின பிறகு ஜெறோமின்ரை தாய் கடைக்கு வந்தா. வயசுபோனவையின்ரை இல்லத்திலை வேலை, அந்த வேலைச் சட்டையோடையே வந்து நிண்டா. சண்டை பிடிக்கேல்லை. போனிலை எடுத்த படத்தைக் காட்டினன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. “சனம் முழங்காலிலை போய்ப் பாக்கிறவ அவ. இவன் அவவைச் சேட்டுக்குள்ளை போட்டுக்கொண்டு பெட்டி தூக்கப் போறானோ, தம்பி?”

நிக்காத ரத்தம்

மூண்டாம் முறை வரேக்கை மாதாவின்ரை உடுப்புக் கரையும் கண்ணும்தான் மிச்சம். பச்சை குத்தேக்கை கொஞ்சம் ரத்தம் பொசியும், துடைச்சால் நிண்டிடும். இது நிக்கேல்லை. விலாவிலை அங்கை இஞ்சை எண்டு நீலமாக் கண்டல்.

“ஆரோடையும் அடிபட்டனியோ?”

“இல்லையண்ணை. பெட்டி ஏதும் தட்டுப்பட்டிருக்கும்.”

மெஷினை நிப்பாட்டினன். டொக்டரிட்டைப் போகாமல் இந்த வாசல்படி மிதிக்காதை எண்டு சொல்லி அனுப்பினன். முழிச்சுப் பாத்திட்டுப் போனான். சில நாளாலை போன் வந்துது. “ரத்தப் புற்றுநோயாம் அண்ணை. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. கண் எப்ப வைப்பம்?”

பின்னாலை இருந்த கதிரை

மருந்து முதல் கேட்டது, பிறகு கேக்கேல்லை. வேற மருந்து மாத்தினவை. அதுவும் சரிவரேல்லை. அவன்ரை கூட்டாளியள் மாறி மாறி ஆஸ்பத்திரிக்கு வந்து, அவன்ரை பாட்டை மெல்லமாப் போட்டுக் காட்டிட்டுப் போவாங்கள். நான் போன நாள் அவன் கேட்டது ஒண்டைத்தான். “எல்லாரும் வந்து என்னைப் பாக்கினம் அண்ணை. முதுகிலை இருக்கிறவ ஒருத்திதான் பாக்கேல்லை. முடிச்சு விடுங்கோவன்.”

டொக்டரம்மாவிட்டைக் கேட்டன். ரத்தம் நிக்காது, கிருமி தொத்தினால் தாங்காது எண்டா. பிறகு சிரிச்சும் சிரிக்காமலும் ஒரு வசனம் விட்டா: “இஞ்சை ஊசி குத்திறதுக்கு நாங்களே போதும்.” ஆனால் நேர்ஸ் பிள்ளை ஒண்டு, ஒப்பரேசனுக்கு முன்னம் உடம்பிலை அடையாளம் போடுற பேனையைக் கொண்டுவந்து தந்துது. கழுவக் கழுவ ரெண்டொரு நாளிலை போயிடுமாம். பரவாயில்லை எண்டான் ஜெறோம்.

அவன் ஒருபக்கமாச் சரிஞ்சு படுக்க, நான் கீறினன். முதுகு அரைவாசியாப் போச்சு, எலும்பு தட்டுது. தாய் பின்னாலை கதிரையிலை இருந்து, கடைக்கு வந்த அண்டைக்கு மாதிரியே சுவரைப் பாத்துக்கொண்டிருந்தா. முடிஞ்சுது எண்டன். “அம்மா, மாதா பாக்கிறாவோ?” எண்டு அவன் கேட்டான். தாய் உடனை திரும்பேல்லை. பிறகு திரும்பி, கதிரையைக் கிட்ட இழுத்துக் குனிஞ்சு பாத்தா. “ஓமடா, பாக்கிறா. உன்னையில்லை, என்னையெல்லோ பாக்கிறா.”

தடிமன்

அதுக்குப் பிறகு ரெண்டு நாளைக்கு ஒருக்கால் வேலை முடிய டீ-பானெ ட்ரெயின் எடுத்துப் போய்க் கண்ணைப் புதுப்பிச்சு விடுறது என்ரை பழக்கமாப் போச்சு. போனால் தாய் அவனைத் துடைச்சுவிட்டுக்கொண்டு நிப்பா. நேர்ஸ்மாரை விடமாட்டா, தன்ரை தொழிலே அதுதானே எண்டுவா.

ஒரு கிழமை எனக்குத் தடிமன் பிடிச்சுது. தும்மிற ஆளை அந்த வாட்டுப்பக்கம் எட்டியும் பாக்க விடமாட்டினம். வீட்டிலை இஞ்சிக் கோப்பியோடை இருந்து, இப்ப அழிஞ்சிருக்கும், இப்ப முழுக்கப் போயிருக்கும் எண்டு யோசிச்சுக்கொண்டு கிடந்தன்.

சுகமாகிப் போனால் கண் ரெண்டும் இருக்குது. ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். இமை மேலை ஏறிப் போய், மாதா ஏதோ கேட்டுத் திகைச்ச மாதிரி நிக்கிறா. ரூபன் கண்டால் என்னைக் கடையாலை கலைச்சிருப்பார். நான் பேனையை எடுக்கேல்லை. ஜெறோம் நித்திரை. தாய் துவாயை மடிச்சுக்கொண்டு, என்னைப் பாக்காமல் மெல்லமாச் சொன்னா. “நான் படம் கீறிப் பழகாதனான், தம்பி. பிழையெண்டாலும் விடுங்கோ, இரவிலை எனக்கு ஆரோடையாவது கதைக்க வேணும்.”

பதிஞ்ச கார்

பனி கரையத் தொடங்கின நேரம் அவன் போயிட்டான். கூட்டாளியள் எல்லாரும் அவன்ரை படம் அடிச்ச கறுப்புச் சேட்டோடை கோயில் வாசலிலை வரிசையா நிண்டாங்கள். ரூபன் தன்ரை பழைய நீளக் காரைக் கொண்டுவந்தார். பட்டனை அமத்தினால் ஏறி இறங்கிற கார். மற்ற நாளிலை அதைச் சந்தியிலை குதிக்க விட்டுச் சிரிப்புக் காட்டுறவர். சவப்பெட்டி வந்த கார் கிட்டக் கடக்கேக்கை, முன்பக்கத்தை மெல்ல மெல்லப் பதிச்சு, றோட்டோடை ஒட்ட விட்டார். தங்கடை தெருவிலை செத்தவையை இப்பிடித்தான் வழியனுப்புறது எண்டார். மன்னார்ச் சனம் ஒண்டும் விளங்காமல் பாத்துதுகள். ஆனால் தொப்பி போட்டிருந்தவை தொப்பியைக் கழட்டினவை.

எனக்கு மனசுக்குள்ளை ஒரே கேள்வி. பெட்டிக்குள்ளை வைக்கேக்கை மாதாவுக்குக் கண் இருந்ததோ? எப்பிடிக் கேக்கிறது? பூசை முடிஞ்சு சனம் கலையேக்கை தாயே கிட்ட வந்தா. ஒருத்தரையும் விடாமல் தானே அவனைக் குளிப்பாட்டினவவாம்.

“முதல் அவன்ரை கண்ணை மூடினனான். பிறகு பிரட்டி, அவவின்ரை கண்ணையும் துடைச்சு விட்டனான். எத்தினை நாள் என்னோடை முழிச்சிருந்தவ, பாவம், அவவும் நித்திரை கொள்ளட்டும், தம்பி.”

காலத்துக்கும் அழியாது எண்டு சொல்லி ஊசி பிடிக்கிறது என்ரை தொழில், ஆனால் நான் செய்ததிலை சொல்லக்கூடிய ஒரே வேலை ஈரத்துணியோடை போயிட்டுது, அதிலையும் பாதி தாயின்ரை கை.