அரைக் கட்டை

கவுன்சிலின் கட்டிட அனுமதிப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை போட எத்தனை படிவம், எத்தனை பிரதி, பக்கத்து வீட்டுக்காரன் ஆட்சேபிக்க எத்தனை நாள் அவகாசம் என்று நித்திரையிலும் சொல்வேன். எண்பதுகளில் ஊரிலிருந்து சனம் வந்து இறங்கத் தொடங்கியபோது, இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு முன்னறை ஓர் உப அலுவலகம் போலாயிற்று. பெனிபிட் என்ற உதவிப்பணப் படிவத்தோடு வருவார்கள், பள்ளிக்கூடப் படிவத்தோடு வருவார்கள். நிரப்பிக் கொடுப்பேன். நல்ல மனிதன் என்று பேர் வந்தது. அதை மறுக்க எனக்கும் அவசரம் இருக்கவில்லை.

படிவத்துக்கு வந்தவர்கள் மருந்தில்லாத என் வருத்தம் ஒன்றையும் சகிக்க வேண்டியிருந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான ஒப்பரா இசைத்தட்டுகள். நான் படிக்க வந்த காலத்தில் வாடகைக்கு எடுத்த அறையின் அலுமாரியில், முந்தி இருந்தவர் ஒரு பெட்டி தட்டுகளை விட்டுப் போயிருந்தார். அறையில் ஹீட்டர் இல்லை; கிராமபோன் இருந்தது. மைக் வருவதற்கு முந்திய பாட்டு அது. பெரிய தகரப் புனலுக்குள் முகத்தைக் கொடுத்துப் பாடினார்கள். குரலின் அதிர்வு நேரே ஊசிக்குப் போய் மெழுகில் கீறியது. இத்தாலிய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. அதனால் பாட்டைக் கெடுக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.

ஒருநாள் படிவத்துக்கு வந்து காத்திருந்தவர், தட்டில் பாடிய பெண்ணைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணை, உந்த மனுசிக்கு என்ன செய்யுது? ஆரும் டொக்டரைக் கூப்பிட்டவையே?"

குசினிக்குள் இருந்து என் மனைவி பதில் சொன்னாள். "நான் நேர்ஸ்தான் தம்பி. இருபது வருஷமாக் கேக்கிறன். இன்னும் சாகேல்லை."

மாதத்தின் முதல் வியாழக்கிழமை நூலகத்தின் மேல்மாடியில் பழைய இசைத்தட்டுச் சங்கம் கூடும். பன்னிரண்டு பதின்மூன்று பேர், எல்லோரும் வெள்ளைக்காரர், பெரும்பாலும் வயதானவர்கள், ஆளுக்கொரு சுடுநீர்ப் போத்தல். என்னைச் செயலாளர் ஆக்கியதில் மர்மம் ஒன்றுமில்லை. கூட்ட அறிக்கை எழுத விரும்பியவன் நான் ஒருவன்தான். சங்கத்தின் விதிகளையும் நான்தான் எழுதினேன். அவர்கள் கேட்டதைவிடப் பதினொரு விதி கூடுதலாக.

என்னுடைய சிறப்புத் துறை வேகம். எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டு என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு கொம்பனியும் தன் இஷ்டத்துக்குச் சுற்றியது. ஒன்று எழுபத்திரண்டு, ஒன்று எண்பது. பதிந்த வேகத்தில் போட்டால்தான் பாடியவரின் உண்மையான குரல் வரும். குறைத்தால் குரல் தடித்துச் சுருதி இறங்கும். கூட்டினால் மெலிந்து ஏறும். எந்தத் தட்டுக்கு எந்த வேகம் என்று பதிவேட்டில் எழுதுவது செயலாளரின் வேலை. என்னிடம் வேகத்தை மாற்றக்கூடிய ஒரு சுழல்மேசையும் ஒரு சுருதிக் கவையும் இருந்தன. கவையைத் தட்டினால் ஒரே ஒரு சுரம் ஒலிக்கும். நீதிபதியின் சுத்தியல் போல அதைப் பாவித்தேன்.

சங்கத்தில் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற பஸ் இன்ஸ்பெக்டர், மனைவியை இழந்தவர், அப்டன் பார்க்கில் ஒரு சேலைக் கடைக்கு மேலே குடியிருந்தார். எப்போதும் கழுத்துப் பட்டி, எப்போதும் மூன்றாவது வரிசை. இரண்டு வருடம் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, தலையணை உறைக்குள் சுற்றி ஒரு தட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"மிஸ்டர் செக்ரட்டரி, இது என் அம்மா. பதிவேட்டில் ஏற்ற வேண்டும்."

அவருடைய தாயார் ஊர் ஊராகப் போன ஒரு ஒப்பராக் குழுவில் கூட்டத்தோடு நின்று பாடுபவர். ஒரு மாலை கதாநாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. இவரை முன்னுக்குத் தள்ளினார்கள். இசையமைத்தவர் எழுதிய சுருதியிலேயே பாடி, முடிவில் வரும் அந்த உச்ச சுரத்தையும் பிடித்திருக்கிறார். அந்த மாதமே ஒரு சிறிய கொம்பனி அந்தப் பாட்டை ஒரு தட்டில் எடுத்தது. பிறகு கல்யாணம், பிள்ளைகள், சலவை. அவ்வளவுதான் அந்த அம்மாவின் இசை வாழ்க்கை. ஆனால் அந்த உச்ச சுரம் அந்த வீட்டில் வேதம். நோர்பரியில் இருந்த அவருடைய அக்கா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அந்தக் கதையைச் சொல்வாராம். கிழவர் வாழ்நாளில் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் பஸ் நேர அட்டவணை.

தட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். லேபிளில் வேகம் இல்லை. அப்படியானால் என்ன செய்வது என்பதற்கு விதி இருந்தது: அதே கொம்பனியின், அதே இலக்க வரிசையின் மற்றத் தட்டுகளுக்கு என்ன வேகமோ அதையே எடுக்க வேண்டும். எழுபத்திரண்டு. போட்டேன். அச்சிட்ட இசைப் பிரதியோடு ஒப்பிட்டேன். குரல் சுருதியில் அரைக் கட்டை கீழே இருந்தது. ஆகவே முடிவு தெளிவு: அம்மா அரைக் கட்டை இறக்கிப் பாடியிருக்கிறார். உச்ச சுரத்தை அவர் தொடவில்லை, அதற்குக் கீழே உள்ளதைத்தான் தொட்டார். பெரிய பாடகர்களும் அப்படி இறக்கிப் பாடுவதுண்டு. குற்றமில்லை. ஆனால் வேதம் பொய்.

மனைவி ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்று கேட்டாள்.

"உதை ஏன் உப்பிடி மெதுவாப் போட்டிருக்கிறியள்?"

"மெதுவில்லை. அதுதான் அதின்ர வேகம்."

"ஒப்பரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளியாத ஆள் கதைக்கிற மாதிரிக் கிடக்கு. நாக்குப் புரளேல்லை. நான் நாள் முழுக்கக் கேக்கிற சத்தம் இது."

"நீர் வார்ட்டைப் பாரும். இது வேற துறை."

அவள் போய்விட்டாள். அவள் சொன்னதற்கு விதிகளில் இடமில்லை. அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த கூட்டத்தில் தட்டைப் போட்டு, முடிவை அறிவித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அம்மையார் உச்சிப் படியில் ஏறித்தான் இருக்கிறார். ஆனால் ஏறும் முன்பே ஏணியில் ஒரு படியைக் கழற்றி வைத்துவிட்டார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இருபது வருடமாக இந்த நாட்டில் நான் சொன்ன பகிடிக்கு ஓர் அறை முழுவதும் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது இனித்தது. மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், மடியில் தலையணை உறையை நாலாக மடித்தபடி.

அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. சந்தா ஒழுங்காக வந்தது. முழங்கால் சுகமில்லை என்று ஒரு மரியாதையான கடிதமும் வந்தது. அதைக் கோப்பில் போட்டேன்.

மூன்று வருடத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், அதே கொம்பனியின் தட்டு ஒன்று கிடைத்தது. யாரோ ஓர் ஆண் பாடகர். அந்த அம்மாவின் தட்டுக்கு இரண்டு இலக்கம் தள்ளி. அநேகமாக அதே நாளில், அதே இயந்திரத்தில் எடுத்தது. வீட்டில் போட்டேன். பாட்டுத் தொடங்கும் முன், ஒலிப்பதிவு செய்தவர் ஒரு சிறு ஊதுகுழலில் ஒரு சுரத்தை ஊதியிருந்தார். பிற்காலத்தில் வேகம் பற்றிச் சந்தேகம் வந்தால் சரிபார்க்க என்று ஒருசிலர் அப்படிச் செய்வதுண்டு. என்னைப் போல ஒருவன் பிறப்பான் என்று அந்தப் புண்ணியவான் எதிர்பார்த்திருக்கிறார்.

கவையைத் தட்டினேன். எழுபத்திரண்டில் அந்த ஊதல் கவையின் சுரத்துக்குக் கீழே தொங்கியது. எழுபத்தாறில் கவையோடு ஒட்டி நின்றது. வரிசையின் நடுவில் கொம்பனி இயந்திரத்தை மாற்றியிருக்கிறது. அந்த அம்மாவின் பாட்டை நான் அப்போது டேப்பில் எடுத்து வைத்திருந்தேன். அதே விகிதத்தில் வேகத்தைக் கூட்டிப் போட்டேன். குரல் எழுந்து, எழுதிய சுருதியில் போய் இருந்தது. முடிவில் உச்ச சுரம். ஏணியில் ஒரு படியும் குறையவில்லை.

மனைவி வாசலில் நின்றாள். "இப்ப தெளிஞ்சிட்டுது" என்றாள். பிறகு, "இண்டைக்கே போய் அந்த மனுசனிட்டைச் சொல்லுங்கோ."

"அப்பிடிப் போகேலாது. திருத்தம் எண்டால் முதல்ல கொமிட்டிக்குப் போகவேணும். பிறகு செய்திமடல்ல வரவேணும்."

"பிழை விட்டது கொமிட்டியே, நீங்களே?"

அப்டன் பார்க்குக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம். நான் கொமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். முதல் மாதம் போதிய ஆட்கள் வரவில்லை. இரண்டாம் மாதம் இன்னொருவரின் அபிப்பிராயம் பெற வேண்டும் என்று தீர்மானம் வந்தது. அதை முன்மொழிந்தவன் நானே. அந்த அபிப்பிராயம் வர இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. இப்படி எத்தனையோ பேரின் பின்னறையை நான் தள்ளிப் போட்டிருக்கிறேன். பிழை விட்டேன் என்று ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்தால், அதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது என்பதுதான் நான் உத்தியோகத்தில் கற்றது.

கடைசியில், ஐந்தாம் மாதம், சுழல்மேசையைச் சாமான் வண்டிலில் கட்டிக்கொண்டு போனேன். கிழவர் நன்றாக மெலிந்திருந்தார், ஆனால் கழுத்துப் பட்டி இருந்தது. தேநீர் போட்டார். நான் வந்த காரணத்தைச் சொல்ல வாயெடுக்கும் முன் அவர் தொடங்கினார்.

"நீங்கள் அன்று சொன்னதை அக்காவிடம் போய்ச் சொன்னேன், மிஸ்டர் செக்ரட்டரி. அம்மா நமக்குக் கதை விட்டிருக்கிறாள், இதோ தெரிந்தவர் நிரூபித்துவிட்டார் என்றேன். அக்கா என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை."

"இப்போது?" என்று கேட்டேன்.

"ஆறு கிழமைக்கு முன் போய்ச் சேர்ந்தாள்." தேநீரைக் கலக்கினார். "வருத்தம்தான். ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே. அதை நான் விட்டுக் கொடுக்கவில்லை. அந்த ஒரு ஆறுதல்."

ஆறு கிழமை. அந்த ஊதலை நான் கேட்டு அன்றைக்கு நாலரை மாதம்; அதில் முதல் மூன்று மாதமும் அக்கா உயிரோடு இருந்திருக்கிறார். நான் அந்த ஞாயிறே வந்திருந்தால், நோர்பரியில் ஒரு கதவு திறந்திருக்கும்.

சுழல்மேசையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "கொண்டு வந்துவிட்டீர்களா? நல்ல மெஷினில் அம்மாவைக் கேட்டு எவ்வளவு காலம்." எழும்பிப் போய்த் தலையணை உறையைக் கொண்டுவந்தார்.

தட்டை வைத்தேன். வேகத்தைத் திருப்பும் குமிழில் என் விரல் இருந்தது. எழுபத்தாறில் வைத்தால் அவர் காது உடனே பிடித்துவிடும். கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும். பதிலோடு அந்த ஒரு ஆறுதலும் போய்விடும். எழுபத்திரண்டில் வைத்தேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். உச்சி வந்தபோது, நான் அவரிடமிருந்து பறித்த அந்த அரைக் கட்டை குறைந்து ஒலித்தபோது, தலையை மெல்ல அசைத்தார். "பாவம். கஷ்டப்பட்டுத்தான் ஏறியிருக்கிறாள்," என்றார். பிறகு, "ஆனாலும் நல்ல குரல், இல்லையா?"

"நல்ல குரல்" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன ஒரே உண்மை அது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "சொன்னனீங்களே?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் புட்டுக்குத் தேங்காய் திருவினாள்.

"சொன்னால் அந்த மனுசன் தாங்குவாரே?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆர் தாங்கமாட்டினம் எண்டு எனக்குத் தெரியேல்லை. அவரோ, நீங்களோ." திருவலையைத் தள்ளி வைத்தாள். "அந்த மனுசியை மயக்கத்திலயே விட்டிட்டு வந்திருக்கிறியள்."

நான் சுழல்மேசையை வண்டிலிலிருந்து அவிழ்க்கப் போனேன்.

செய்திமடல் அவர் வீட்டுக்கும் போகும். ஆகவே திருத்தத்தை நிறுத்தினேன். இன்னும் ஆதாரம் தேவை என்று கொமிட்டியிடம் சொன்னேன். கவனமான மனிதன் என்று பாராட்டினார்கள். இரண்டு மாரி காலம் கழித்துக் கிழவர் காலமானார். தட்டைச் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். தலையணை உறையோடு வந்தது. அடுத்த மடலில் மூன்று வரியில் திருத்தம் போட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய இருவரும் போய்விட்டார்கள்.

தட்டின் கடதாசி உறையில் பென்சிலால் 78 என்று எழுதி, பிறகு கோடு போட்டு வெட்டியிருந்தது. பக்கத்தில், பஸ் இன்ஸ்பெக்டரின் ஒழுங்கான கையெழுத்தில்: "72. செக்ரட்டரி சொன்னபடி." நான் அதை அழிக்கவில்லை. பதிவேட்டில் 76 என்று இருக்கிறது, உறையில் 72 என்று இருக்கிறது. இரண்டும் முரண்பட்டால் செயலாளர் எழுத்தில் விளக்கம் கொடுத்துத் தட்டோடு வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி, நான் கூடுதலாகச் சேர்த்த பதினொன்றில் ஒன்று. இதுதான் அந்த விளக்கம்.