அம்மா முதலில் தின்ற நாள்

தேயிலை விலை விழுந்து, எஸ்டேட்டில் ஃபேக்டரியைப் பூட்டியிருந்த காலம். கீழ்கோத்தகிரிப் பக்கம் எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கூலிவீடுகள். எல்லாரும் சிலோனிலிருந்து திரும்பி வந்த சனம். அப்பாவும் சித்தப்பாவும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் அம்மாவும். பக்கத்துக் காம்பராவில் சித்தி, வாயும் வயிறுமாக.

ரேஷன் அரிசி, காட்டுக்கீரை, பாலில்லாத சாயத் தண்ணி. அதுதான் சாப்பாடு. அம்மா கடைசியில்தான் உட்காருவாள். சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, கழுவிக் கவிழ்ப்பாள். லயத்தில் எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வருசம் கோழிகளுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் பக்கத்துக் கோழிகளுக்கு இல்லை. எங்கோ வடக்கே. ஆனால் டீக்கடை டிவியில் தினமும் வந்தது. முகமூடி போட்ட ஆட்கள் கோழிகளைச் சாக்கில் போட்டுக் கட்டுவார்கள். குழி வெட்டி மூடுவார்கள். மனுசருக்குத் தொற்றிப் பரவினால் உலகமே தாங்காது என்று செய்தி வாசிக்கிற பெண் சொல்லும். சொல்லி முடித்து லேசாகச் சிரிக்கும். அடுத்தது சோப்பு விளம்பரம். அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நாங்களும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். வேலைதான் இல்லையே. கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தது சனம். ஒருத்தராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எல்லையில் கோழி லாரிகளை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். கறிக்கடை மூடியது. பள்ளிக்கூடத்தில் சோற்றோடு வருகிற முட்டையும் நின்றது. எனக்கு உலகத்தைப் பற்றிக் கவலை இல்லை. முட்டை போனதுதான் கவலை.

அப்போதுதான் கோழிப்பண்ணை முதலாளி ஒருவர் வந்தார். மேட்டுப்பாளையத்துக்கும் கீழே அவர் பண்ணை. கோழிகள் விற்காமல் தீனி தின்றுகொண்டு கிடந்தனவாம். சனங்களின் பயத்தைத் தெளிய வைக்க, ஊரறியக் கறிச்சோறு போடப் போகிறார், டிவிக்காரர்கள் வந்து படம் எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். டவுனில் கேட்டுப் பார்த்தாராம். இலவசம் என்று சொல்லியும் ஒருத்தரும் வரவில்லையாம். எங்கள் எஸ்டேட்டுக்குப் போனால் கூட்டம் சேரும் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பெரிய மலையில் எங்களைத் தேடி வந்திருக்கிறார்களே.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அண்டாவை ஏற்றினார்கள். மாசக்கணக்காக ஆளில்லாத களம். வாசம் லயம் முழுக்க ஏறியது. நான் வீட்டுக்கும் களத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தேன். அம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

முதலாளி ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றார்.

"ஏனுங்க, பயப்படாதீங்க. நல்லா வெந்த கறியில ஒரு கிருமியும் நிக்காதுங்க. தைரியமாச் சாப்பிடுங்க."

வரிசையில் முதலில் நின்ற கிழவர் சொன்னார், "சோத்தப் போடுங்கய்யா. தைரியம் தானா வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா தூக்குச்சட்டியோடு வரிசையின் நடுவில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக் வைத்திருந்தவர் முதலில் முதலாளியைத் தின்னச் சொன்னார். அவர் நல்ல பெரிய கால் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோய்ச் சிரித்தார். "போதும் சார்" என்றார் கேமராக்காரர். முதலாளி காலைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

நானும் பார்த்தேன். கடிக்காத கால் ஒன்று தட்டில் சும்மா கிடக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. முன்னால் போய் நின்றேன். மைக் வைத்திருந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். அந்தக் காலை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

"பாப்பா, கேமராவப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கடி."

வாயைத் திறந்தேன். கால் கையில் இல்லை. அம்மா எப்போது வரிசையை விட்டு வந்தாள் என்று தெரியாது. பிடுங்கிய கையோடு ஒரு கடி கடித்தாள்.

"புள்ளைக்கு வயிறு சரியில்லீங்க" என்றாள் மென்றுகொண்டே. "நான் திங்கிறேன்."

என் வயிறு சரியாகத்தான் இருந்தது. அதுதான் தொந்தரவே.

"சூப்பர்மா, இன்னொரு கடி" என்றார் மைக் வைத்திருந்தவர். அம்மா கடிக்கவில்லை. காலைத் தூக்குச்சட்டியில் போட்டு மூடினாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் தின்றுகொண்டிருந்தன. நான் அழுதுகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

சாயங்காலம் டீக்கடை டிவியில் வந்துவிட்டோம். மலைச் சனம் பயமில்லாமல் கோழி தின்கிறது என்று சொன்னார்கள். முதலாளி காலோடு சிரித்தார். அடுத்தது அம்மா. பெற்ற மகள் கையிலிருந்தே பறித்துத் தின்கிற அளவுக்கு ருசி என்றது அந்தக் குரல். கடையே சிரித்தது.

"என்னக்கா, புள்ள கையில இருக்கிறதயுமா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா" என்றாள் அம்மா. "பசி."

கடையிலிருந்து நேராகச் சித்தி வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனாள். சித்தி களத்துக்கு வரவேயில்லை. அம்மா வாசலுக்கு வெளியே நின்றாள்.

"இன்னைக்கி இவ ஒங்கூடப் படுக்கட்டும்."

"ஏங்க்கா?"

"சும்மாதான்." புறங்கையால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். என் பக்கம் திரும்பினாள். "நான் கூப்பிடாம ஊட்டுப் பக்கம் வந்தே, காலை ஒடச்சிருவேன்."

எனக்கு விசயம் புரிந்துவிட்டது. மிச்சக் காலைத் தனியாகத் தின்னப் பார்க்கிறாள்.

மறுநாள் காலையிலிருந்து இரண்டு வாசலுக்கும் நடுவே இருந்த குட்டை மதில் பக்கம் போய் எட்டிப் பார்ப்பதே என் வேலை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கை. எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தாள். ருசி இன்னும் தொண்டையில் இருக்கிறது போல என்று நினைத்தேன். என்னைக் கண்டதும் கல்லை எடுப்பது போலக் குனிந்தாள்.

சித்தி இங்கிருந்தே கத்தினாள், "தொண்ட நோகுதாக்கா?"

"இல்லடி."

"மேலு சுடுதா?"

"அடுப்படியில இருந்தேன். அதான்."

சித்தி உள்ளே வந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கோழிக்கறி கிடைக்காமல் சித்தியும் அழுகிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

முதலாளி சொன்னது நிசம்தான். வெந்த கறியில் ஒன்றும் இல்லை. களத்தில் தின்ற ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆனால் அது பிறகுதான் தெரிந்தது.

பொழுது சாயும்போது அம்மா கூப்பிட்டாள். சட்டியில் அந்தக் கோழிக்கால் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பூராவும் அவள் அடுப்பில் வேறு எதுவும் வைக்கவில்லை. என் நெற்றியைத் தொட்டாள். தன் நெற்றியைத் தொட்டாள். பிறகு காலை எடுத்து ஊதித் தட்டில் வைத்தாள்.

"இப்பத் தின்னு."

தட்டை இழுத்துப் பார்த்தேன். கால் முழுசாக இல்லை. ஒரு கடி குறைந்திருந்தது. அதுவும் சதை அதிகமாக இருக்கிற இடத்தில்.

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.