பட்டியலில் அத்தையின் பெயர்

எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருந்துகொண்டே, ஆண்டுதோறும் தன் ஆன்மா இளைப்பாறப் பூசை கண்டவர் என் அத்தை ஒருவர்தான்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எங்கள் கோயிலில் வீட்டுக்கொரு தாள் கொடுப்பார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதித் தந்தால் மாலைத் தமிழ்ப் பூசையில் வாசிப்பார்கள். எட்டு வயதில்தான் நான் அந்தப் பெயர்களைக் காதுகொடுத்துக் கேட்டேன். எங்கள் குடும்பத்துப் பெயர்களில் கடைசியாக அத்தையின் பெயர் வந்தது. திடுக்கிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் அத்தை முழந்தாளிட்டு, தன் ஆன்மாவுக்காகத் தானே எல்லோரோடும் சேர்ந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு அவரைக் கண்டால் உதறல். அம்மா மாதம் ஒருமுறை, தாத்தாவுக்குத் தெரியாமல், எங்கள் ஈசூன் வீட்டிலிருந்து குவீன்ஸ்டவுனில் இருந்த அத்தை வீட்டுக்கு என்னை அழைத்துப் போவார். அத்தை நடந்தால் சத்தமே கேட்காது. விரல்கள் கோணிக்கொண்டு எப்போதும் சில்லென்றிருக்கும். அவர் எனக்குக் குடிக்க மைலோ கலக்கும்போது தரையில் நிழல் விழுகிறதா என்று பார்ப்பேன். விழும், ஆனாலும் நம்பிக்கை வராது.

"அத்தை செத்துட்டாங்களாம்மா?"

"சும்மா இரு லா. தாத்தாகிட்ட போய்க் கேட்டுறாதே."

அம்மா இல்லையென்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

சுவரில் ஒரு படம் இருந்தது. நாட்டுக்காகக் கால்பந்தாடிய முதல் பெண்கள் அணி; அத்தை கோல்கீப்பர். ஆண்கள் கழித்துப்போட்ட சட்டையைத் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு, பெரிய காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு ஆடினார்களாம். வெளிநாட்டுப் போட்டி நடந்த வாரத்தில்தான் தாத்தா அவருக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த நேரத்தில் அத்தை வேறொரு நாட்டில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். 'என் மக செத்துட்டா' என்று வந்தவர்களிடம் சொன்ன தாத்தா, அந்த நவம்பரில் அதை எழுத்திலும் கொடுத்துவிட்டார். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவருக்கில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொன்னது.

எனக்கு ஒன்பது வயதானபோது, கை நடுக்கத்தால் தாத்தாவால் கோயில் தாளை எழுத முடியவில்லை. அவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். அத்தையின் பெயர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"எழுத்து விட்டுறாம சரியா எழுது."

நான் எழுதுவதுபோல் பேனாவை அசைத்தேன். பெயர் போகாவிட்டால் அத்தை பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அன்று மாலை மழை. எங்கள் வீட்டுப் பெயர்கள் முடிந்து அடுத்த குடும்பத்தின் பெயர்கள் தொடங்கின. பக்கத்தில் தாத்தாவின் உதடுகள் மட்டும் அத்தையின் பெயரைச் சத்தமில்லாமல் சொல்லி முடித்தன. பின்னால் பார்த்தேன். எல்லோரும் முழந்தாளில் இருக்க, அத்தை மட்டும் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்துக்கொண்டிருந்தவரும் ஒரு நொடி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

பூசை முடிந்ததும் வாசலில் அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இந்த வருஷம் அப்பா என் பேர எழுதலையா?"

நான் பெருமையோடு முன்னால் வந்தேன்.

"நான்தான் அத்தை எழுதல. நீங்க சாகக் கூடாதுல்ல?"

அத்தை ஈரக்கையை என் தலையில் வைத்தார்.

"அடுத்த வருஷம் மறக்காம எழுதிடு கண்ணு."

செத்தவர்கள் இப்படித்தான் கெஞ்சுவார்கள் போலும் என்று நடுங்கிப்போய் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர் அது. தகப்பனுக்குத் தன் நினைவு இருக்கிறதென்று தெரிந்துகொள்ளத்தான் ஒவ்வொரு நவம்பரிலும் அத்தை சாங்கி விமான நிலையத்தில் சரக்குக் கிடங்கு வேலையை முடித்துவிட்டு அவ்வளவு தூரம் வந்தார் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த நவம்பர் வருவதற்குள் தாத்தா காலமாகிவிட்டார். அவர் பெயரை நானே தாளில் எழுதினேன். இன்னொரு பெயரையும் எழுதச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. பூசையில் பட்டியலை வாசித்து முடித்தபோது கடைசி பெஞ்சில் அத்தை குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். இனி அவருக்குச் சாவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.