குன்றிமணிக் கண் வைத்த பாவைப்பிள்ளை

நெடுந்தீவில் நான் மருத்துவிச்சியாக இருந்த காலம். ஒரு நாள் காலையில் யோகம் தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள்.

"மிஸ்ஸி, ராத்திரி தொடக்கம் சத்தி. இப்ப வயித்தாலையும் போகுது. ரத்தமும் கலந்து போகுது."

பிள்ளையின் பெயர் வதனி. இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. யோகத்துக்குப் பேறு பார்த்தது நான்தான். யோகத்தின் புருஷன் தெற்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நின்றார். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருஷப்பிறப்புக்கும் மட்டும் வந்துபோவார்.

நயினாதீவில் திருவிழா முடிந்த கையோடு நடந்தது இது. கடைச் சாப்பாடு, சர்பத், தண்ணீர் மாற்றம் என்று அந்த நாட்களில் வயிற்றோட்டம் வருவது வழக்கம்தான். டொக்டரும் அப்படித்தான் நினைத்து சேலைன் ஏற்றினார். பிள்ளை மறுபடி வாந்தி எடுத்தது. நான் பிடித்த பேசினில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு மூன்று ஓட்டுத் துண்டுகள் கிடந்தன.

டொக்டர் ஒரு துண்டை விரலால் எடுத்துப் பார்த்தார். "இது குன்றிமணியெல்லோ? எங்கையிருந்து வந்தது?"

யோகம் முழித்தாள். பிறகு பிள்ளையின் கக்கத்தில் இருந்த பாவைப்பிள்ளையை மெல்ல இழுத்தெடுத்துத் திருப்பிப் பார்த்தாள். திருவிழாவில் வாங்கிய, பனை ஓலையில் பின்னிய பாவை. கண் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது.

குன்றிமணியை முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். ஓடு உடைந்தாலோ, துளை போட்டிருந்தாலோ உள்ளே இருப்பது விஷம். காணிச் சண்டையில் மற்றவனுடைய மாட்டைக் கொல்ல அதை அரைத்துக் கொடுப்பார்கள் என்பது தீவில் எல்லோரும் அறிந்த கதை. பாவையின் கண்ணை ஊசியால் துளைத்துத்தான் நூலில் கோத்திருந்தார்கள்.

"இதுக்கு மாற்று மருந்து இல்லை. யாழ்ப்பாணம் கொண்டு போகவேணும்" என்றார் டொக்டர்.

சோளகம்

கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்று நேரம். ஆட்களை ஏற்றும் லோஞ்சுப் படகு ஓடவில்லை. மீன்பிடிக்காரர் ஒருவர் தன் வள்ளத்தைத் தள்ளினார். "பச்சைப் பிள்ளையெல்லோ, ஏறுங்கோ மிஸ்ஸி" என்றார். சேலைன் போத்தலை நான் தூக்கிப் பிடித்திருந்தேன். யோகம் தன் சேலைத் தலைப்பால் பிள்ளையை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். அலை அடித்து எல்லோரும் நனைந்துபோனோம்.

குறிகட்டுவான் துறையில் இறங்கி ஒரு காரைப் பிடித்தோம். புங்குடுதீவு தாண்டி, கடலுக்கு நடுவே போகும் ரோட்டில் ஏறியபோது யோகம் சொன்னாள்:

"மிஸ்ஸி, பிள்ளை நித்திரையாப் போச்சுது போல. சத்தியும் நிண்டிட்டுது."

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். டிரைவரிடம் காரை நிற்பாட்டச் சொன்னேன்.

நல்ல சாமான்

வெளிநாட்டுச் சாமான் இறக்குமதியை நிறுத்தியிருந்த வருஷங்கள் அவை. கடைகளில் கிடைத்த கிலுகிலுப்பைகள் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்தவை. கீழே விழுந்தால் வெடித்து, விளிம்பு பிளேட் மாதிரி நிற்கும். அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தீவொன்றில் ஒரு மாதர் கைப்பணிச் சங்கம் ஓலைப் பாவைகளைச் செய்யத் தொடங்கியது. மெத்தென்று இருக்கும். சாயம் இல்லை. பிள்ளை சூப்பினாலும் வாயில் நிறம் ஒட்டாது. தாய்மார் விரும்பி வாங்கினார்கள். அதில் பிழையாக இருந்தது கண் மட்டும்தான்.

வதனியின் செத்தவீடு முடிந்த கிழமை நான் அந்தச் சங்கத் தலைவியைப் பார்க்கப் போனேன். படித்த மனுஷி, நல்ல குடும்பம். கதிரை தந்து தேத்தண்ணி தந்தா. முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னா:

"பாவம்தான். ஆனா இது இயற்கைச் சாமான், மிஸ்ஸி. ஓலையும் விதையும். எங்கட ஆக்கள் எத்தனை காலமாக் குன்றிமணியோட விளையாடினவை? தாய் கவனிச்சிருந்தால் பிள்ளை கண்ணைப் புடுங்கியிருக்குமே?"

"கண்ணை மட்டும் மாத்துங்கோ அம்மா. கறுப்பு நூலாலை தைச்சால் காணும்."

"நூலிலை வடிவு வராது. அந்தக் கண்ணுக்குத்தான் எங்களுக்குக் கண்காட்சியிலை பரிசு தந்தவை."

அவவின் அலுமாரிக்குள் கண் மூடித் திறக்கிற சீமைப் பாவைகள் இருந்தன. கொழும்பிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்தால் விளையாட எடுத்துக் கொடுப்பாவாம். அதை அவவே சொன்னா.

வெளியே வந்தபோது பாவை பின்னுகிற பெட்டை ஒருத்தி வேலி வரை பின்னால் வந்தாள். "மிஸ்ஸி, இதைப் பெரிசாக்கிப் போடாதேங்கோ. சங்கத்தை மூடினால் எங்கட வீட்டிலை அடுப்பு எரியாது" என்றாள்.

எங்கள் ஆஸ்பத்திரி டொக்டரிடம் போய், "நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவை கேப்பினம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வயித்தோட்டத்திலை செத்த பிள்ளை. நான் வேறை ஏதும் சொன்னனானோ?"

பேசினில் கையை விட்டு ஓட்டுத் துண்டை எடுத்துப் பார்த்த அதே மனுஷன்.

தலைவியின் ஆட்கள் மேலிடத்தில் கதைத்துவிட்டார்கள். அடுத்த முறை மருத்துவிச்சிமாரின் கூட்டத்துக்குப் போனபோது, எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்:

"நீர் பேறு பாக்கத்தானே வந்தனீர்? விளையாட்டுச் சாமான் பாக்கிறதுக்கும் உமக்கோ சம்பளம் தருகினம்?"

கூட்டத்தில் சிரித்தார்கள்.

யோகமும் கத்தரிக்கோலும்

யோகத்தின் புருஷன் செத்தவீட்டுக்கு வந்தார். எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுச் சடங்கு வரை நின்றார். அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்.

அதன் பிறகு அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினாள். குழந்தை உள்ள வீட்டு வாசலில் நின்று, "உந்தப் பாவைப்பிள்ளையை ஒருக்காத் தாங்கோ அக்கா" என்று கேட்பாள். இரண்டு கண்ணையும் வெட்டியெடுத்து மடியில் போட்டுக்கொண்டு பாவையைத் திருப்பிக் கொடுப்பாள். முதலில் இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள். பிறகு அவள் வருவதைக் கண்டால் படலையைச் சாத்தினார்கள். குழந்தைகள் அவளைக் கண்டால் அழுதன. "கண்புடுங்கி" என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை செத்து விசராக்கிப் போட்டுது என்றார்கள்.

அவளுக்கு விசர் பிடிக்கவில்லை, புத்தி தெளிவாகவே இருந்தது. நான் அவளோடு நிறைய நேரம் இருந்திருக்கிறேன். வெட்டிய கண்களை அடுப்பில் போட்டு, சாம்பலாகும் வரை பக்கத்திலேயே குந்தியிருப்பாள். தீவில் அந்தக் காலத்தில் சரியான வேலை செய்தது அவள் ஒருத்திதான்.

அடுத்த வருஷம் திருவிழாவுக்கும் அதே பாவை, அதே கண்ணோடுதான் விற்றது.

அதற்கடுத்த வருஷம் கண் மாறியிருந்தது. கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். வடிவாகவும் இருந்தது. விசாரித்தேன். வெளிநாட்டுக்கு அனுப்ப எடுத்த கொழும்பு வியாபாரி, விஷ விதை வைத்த சாமானை அங்கே உள்ள தாய்மார் தொடமாட்டார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டானாம். பிறகு ஒரு கிழமைக்குள்ளேயே எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். சங்கமும் மூடவில்லை. பெட்டைகளுக்கு வேலையும் போகவில்லை.

யோகத்திடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப ஏலும்தானே மிஸ்ஸி. மாத்த ஏலும் எண்டு அவைக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

புதிதாக வருகிறவர்களுக்கு

பென்சன் எடுக்கும் முன்பு சில காலம் மருத்துவிச்சி மாணவிகளுக்கு வகுப்பு எடுத்தேன். வீடு பார்க்கப் போனால் பாலையும் நிறையையும் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள் என்று சொல்வேன். பிள்ளையின் கையில் இருப்பதை வாங்கிப் பாருங்கள். இழுத்துப் பாருங்கள், எது கழன்று வருகிறது என்று. ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள், நிறம் போகிறதா என்று. குலுக்கிப் பாருங்கள், உள்ளே இருப்பது என்னவென்று தாயிடம் கேளுங்கள். ஓலை, மரம், விதை என்ற உடனே நல்லது என்று நம்பிவிடாதீர்கள். மண்ணில் முளைப்பதிலும் விஷம் இருக்கிறது. பிள்ளை உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். செத்த பிறகு சொன்னால் பழி போடுகிறோம் என்றுதான் கேட்பவர்களுக்குப் படும்.

ஒருமுறை வதனியின் கதையையும் சொன்னேன். பின் வரிசை வாங்கில் இருந்த ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்:

"அதுக்குப் பிறகு ஆரும் ஒண்டும் கேக்கேல்லையா மிஸ்ஸி?"

"கேட்டவை" என்றேன். "எல்லாரும் கேட்டவை. சங்கத்தையில்லை, யோகத்தை. அந்த நேரம் நீ எங்கையடி போனனீ எண்டு."