திறந்த வெளிக்கு ஒரு பெட்டி

என் மனைவி இறந்து எட்டு மாதங்கள் கடந்திருந்தன. அந்த மாதங்களில் ஒரு கதிரையில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஹோலிலிருந்து குசினிக்கும் குசினியிலிருந்து கிணற்றடிக்கும் நடப்பேன். எதற்கு வந்தேன் என்பது கிணற்றடியில் மறந்திருக்கும், திரும்பி நடப்பேன். ஆகவே, கண்டாவளையில் ஒலிபெருக்கிச் சேவை நடத்தும் என் அக்காவின் மகன் ஒரு பின்னேரம் வந்து எங்கள் ஹோலைக் கேட்டபோது, காரணம் விசாரிக்கும் முன்பே சம்மதித்துவிட்டேன்.

"ரெண்டு பெட்டியைப் போட்டுப் பாக்கவேணும் மாமா. எது நல்லதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும். முப்பது வருசம் பௌதிகம் படிப்பிச்சனியள்."

அவனுடைய சிக்கல் எளிமையானது. வயல்வெளி நடுவிலுள்ள கோயிலின் திருவிழா இசை நிகழ்ச்சிக்கு ஆண்டுதோறும் அவனே ஒலி அமைப்பவன். சென்றமுறை பின்வரிசையில் மேளத்தின் அடி கேட்கவேயில்லை. இம்முறையும் அப்படியானால் யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்களைக் கூப்பிடப்போவதாகக் கோயில் சபையார் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோயில் போனால் சுற்றியுள்ள மற்றக் கோயில்களும் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தாழ்ந்த ஒலிக்கென இரண்டு சப் பெட்டிகள் புதிதாகச் செய்யப் பலகை வாங்கி வைத்திருந்தான். எந்த வடிவத்தில் செய்வது என்பதே கேள்வி.

மாதிரிக்கு இரண்டு பெட்டிகளை நண்பர்களிடம் இரவல் வாங்கி வந்திருந்தான். கனகராயன்குளத்திலிருந்து வந்தது சாதாரணப் பெட்டி. முன்புறம் ஒரு துளை, உள்ளே தடுப்பேதும் இல்லை. நாயாற்றிலிருந்து வந்தது ஹோர்ன் பெட்டி. அதனுள் பலகைகள் மடிந்து மடிந்து ஒரு பாதையாகி, வாயை நோக்கி விரிந்து செல்லும். தூரத்தில் நிற்பவரைக் கூப்பிட நாம் வாயருகே கைகளைக் குவிப்பதைப் போன்ற ஏற்பாடு. அதற்குப் பலகை அதிகம் வேண்டும். வாங்கியிருந்ததில் இரண்டு ஹோர்ன் பெட்டிகள் மட்டுமட்டாக வரும். ஒரு பலகையைத் தவறாக வெட்டினாலும் ஒன்றுதான் மிஞ்சும்.

முதலில் ஹோர்ன் பெட்டியை முழக்கினான். உரத்த, சற்று முரட்டுத்தனமான ஒலி. பிறகு மற்றதை. அது முழங்கியதும் நிலம் அதிர்ந்தது; கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கியிருந்த கிளாசுகள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின.

வீதியால் நெல் லொறி போகும்போதெல்லாம் அந்தக் கிளாசுகள் அப்படித்தான் சிணுங்கும். என் மனைவி எந்த வேலையில் இருந்தாலும் வந்து அலுமாரிக் கதவில் உள்ளங்கையை அழுத்தி வைப்பா. "ஒரு கடதாசியை மடிச்சு இடையில வைக்கிறதுக்கு இந்த வீட்டில ஆளில்லை" என்று சொல்லிக்கொண்டு, லொறி போகும்வரை நிற்பா. அவா போன பிறகு லொறிகள் போனதையும் கிளாசுகள் சிணுங்கியதையும் நான் கவனித்ததில்லை. அன்று கவனித்தேன்.

"இதுதான்" என்றேன், துளைப் பெட்டியைக் காட்டி.

"வயலுக்கை கொண்டுபோய் ஒருக்காப் பாப்பமோ மாமா?"

"தேவையில்லை. கணக்குப் போட்டிட்டன்."

கணக்குப் போட்டிருந்தேன், ஒரு கடதாசியில், பாதியளவில். அறைக்குள் நான்கு சுவர்களும் கூரையும் தாழ்ந்த ஒலியைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும். வெளியில் திருப்பிக் கொடுக்கத் தரை ஒன்றுதான் உண்டு. இதை எத்தனையோ வகுப்புகளுக்கு எழுதிக் காட்டியவன் நான். கடதாசியின் மறுபக்கத்தில் வெளிக்கான கணக்கை எழுத வேண்டியிருந்தது. எழுதவில்லை.

அடுத்த மூன்று நாட்களும் முன்னிலும் மோசமாக நடந்தேன். கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். நான்காம் நாள் காலை தேநீர் ஆறிக்கொண்டிருக்கையில் நின்றபடியே மறுபக்கத்தை எழுதி முடித்தேன். விடை நான் எதிர்பார்த்ததுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு தச்சுப்பட்டறைக்குப் போனேன்.

ஒரு பலகை ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது.

"நிப்பாட்டுங்கோ" என்றேன். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது வீட்டுக்குள்ளதான் நல்லாயிருக்கும்."

தச்சர் பலகை அறுக்கும் வாளைக் கீழே வைத்தார். அவர் என்னிடம் படித்தவர். "பள்ளிக்கூடத்தில நாங்கள் பிழை விட்டா சேர் அடிமட்டத்தைத் தூக்குவார். இப்ப ஆர் தூக்கிறது?"

"நீர் தூக்கலாம்."

"அளவு பிழைச்சிடும் சேர், இதால வேலை செய்யவேணும்" என்று பலகைமேல் கிடந்த அளவுகோலைக் காட்டினார்.

அங்கிருந்த என் மருமகன் சிரிக்கவில்லை. வெட்டிய துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாழ்ந்த குரலில் சொன்னான்: "அண்டைக்கு நீங்கள் பெட்டியைப் பாக்கேல்லை மாமா. அலுமாரியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனியள். மாமியின்ர கிளாசுகள் எண்டு தெரிஞ்சுதான் நான் அதுக்குமேல ஒண்டும் கதைக்கேல்லை."

"வயலுக்குப் போவம்" என்றேன்.

அறுவடை முடிந்த வயலில் ஜெனரேற்றரை இயக்கிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக முழக்கினான். நான் வாய்க்கால் வரம்பை நோக்கி நடந்தேன். துளைப் பெட்டியின் அடி ஐம்பது தப்படியில் மெலிந்து, நூறில் ஐயமாகி, வரம்பில் இல்லாமற் போயிற்று. ஹோர்ன் பெட்டியின் அடி வரம்புவரை வந்தது. அழகாக வந்தது என்று சொல்லமாட்டேன், வந்தது.

மிஞ்சிய பலகையில் ஒரு ஹோர்ன் பெட்டிதான் செய்ய முடிந்தது. இரண்டாவதாக இரவல் பெட்டியையே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு நாயாற்றுக்கு மருமகனுடன் நானும் போனேன். பெட்டியின் சொந்தக்காரரிடம், தவறு என்னுடையது, திருவிழா முடியும்வரை அதை விட்டுத்தர வேண்டும் என்று கேட்டேன்.

"வைச்சிருங்கோ மாஸ்டர்" என்றார் அவர். "இஞ்ச அது கோழிக்கூடாத்தான் நிண்டது."

திருவிழா மாலையில் நான் முன்வரிசைக்குப் போகவில்லை. வரம்படியில், நிறுத்தியிருந்த சைக்கிள்களுக்கு நடுவே நின்றேன். மேளம் தொடங்கியதும் முதல் அடி நெஞ்சில் வந்து தட்டியது. பின்வரிசையைச் சோதிக்க வந்த சபைத் தலைவர் என்னைக் கண்டார். "ஓம் மாஸ்டர், இந்தமுறை வந்து சேருது. இனி யாழ்ப்பாணத்துக்கு ஏன் போகவேணும்" என்றார். மேடைப்பக்கமிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான்.

"கேக்குதோ மாமா?"

"கேக்குது."

"உண்மையாவோ?"

"இந்தமுறை உண்மையா."

மறுநாள் காலை ஹோலில் நடந்துகொண்டிருந்தேன். வீதியால் ஒரு லொறி போயிற்று. கிளாசுகள் சிணுங்கின. போய் அலுமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன், அவை அடங்கின. லொறி போன பிறகும் கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.